ஆட்பொறுப்பும் பிரிவுத் தலைவரும்

பெரிய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்களைத் தெரிந்தெடுத்தல், பயிற்றுதல், விடுப்பு அளித்தல், குறை கேட்டல், வேலையினின்று நீக்குதல் ஆகிய காரியங்களை மனிதவளப் பிரிவு என்னும் தனி அலுவலகமே செய்தல் வேண்டுமா, அன்றி வேலையை நேரில் நடத்தும் பிரிவுத் தலைவரும் அவற்றிற் பங்கு கொள்ளல் வேண்டுமா என்பது இந்நாளில் நிருவாகம் பயில்வோரிடையே நிகழும் வாதம். பங்கு கொள்ளலே தக்கதென்பது எம் துணிபு. ஆயினும், எதனைப் பங்கிடலாம், எதனைப் பங்கிடலாகாது என ஆராயாது பங்கிடின், அதனால் நலிபவன் தொழிலாளியே.

முன்னாளில் இவ்வதிகாரம் வேலைத்தலத்திலேயே இருந்தது. நம் நாட்டுப் பஞ்சாலைகளில் மேஸ்திரி என்பவன் ஆள் சேர்த்தான். அவனே வேலை கற்பித்தான். அவன் சொல்லால் வேலை போயிற்று. ஆகவே வேலை வேண்டி வந்தவன் அவன் கையில் லஞ்சம் வைத்தான். ஊர் சென்று மீண்டவன் பழைய இடத்தைப் பெற மறுமுறையும் வைத்தான். பம்பாயில் ஜாபர் என்றும், வங்காளச் சணலாலைகளில் சர்தார் என்றும் பெயர் வேறுபட்டதேயன்றி வழக்கம் வேறுபடவில்லை. விட்லி என்பாரைத் தலைவராகக் கொண்டு 1929-ல் நியமிக்கப்பெற்ற ராயல் தொழிற் கமிஷன், 1931-ல் வெளியிட்ட அறிக்கையில் இக்கேட்டை எடுத்துக்காட்டி, ஆள் சேர்க்கும் உரிமையைத் தொழிலாளர் உத்தியோகஸ்தர் ஒருவரிடம் ஒப்புவிக்குமாறு கூறிற்று. ஆயினும் அவர் பிரிவுத் தலைவர்களைக் கலந்தே ஆள் சேர்த்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. இச்சிறு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. பின்னர் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்குக் குறையாத ஆலைகளில் நல உத்தியோகஸ்தர் வேண்டுமென்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அத்தொகையை 250 ஆகக் குறைத்தது.

இங்ஙனம் தனி அலுவலகம் வளர வளர மற்றொரு குறை தோன்றிற்று. அலுவலகத்தார்க்குத் தொழிலாளி ஓர் எண். அவன் கை ஏன் தளர்ந்தது என்பதை அருகிருப்பவரே அறிவர். நாள் முழுதும் தனித்திருந்து வழக்குத் தீர்த்த மோசேக்கு, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேர்க்கெனத் தலைவரை ஏற்படுத்துமாறு மாமன் எத்திரோ சொன்ன புத்தியை யாத்திராகமத்திற் காண்கிறோம். அத்தலைவர் பொருளாசையை வெறுப்பவராயிருத்தல் வேண்டும் என்று அம்முதியவர் முன்னரே சொல்லிவைத்தார். மேஸ்திரியின் கதையை அவர் அறிந்திருந்தார் போலும்!

ஆதலின் பயிற்சியும், அன்றாட விடுப்பும், குறையை முதலிற் கேட்டலும் பிரிவுத் தலைவர்க்கு உரியன. ஆட்டேர்வை இருவரும் கூடிச் செய்க. வேலைநீக்கமோ அவர் ஒருவர் சொல்லால் நிகழலாகாது. சில இடங்களில் மனிதவளப் பிரிவார் தம் படிவங்களையும் பதிவேடுகளையும் பிரிவுத் தலைவர் மேசைக்குத் தள்ளிவிட்டு, அதனைப் பொறுப்புப் பங்கீடு என்பர். அது பங்கீடன்று, சுமைமாற்றம். விளைபொருளின் அளவொன்றையே கொண்டு மதிக்கப்படும் தலைவர், ஒருவன் குறையைக் கேட்க அரைநாழிகை செலவிடுவாரா? அதற்குரிய நேரத்தையும் பயிற்சியையும் நிருவாகம் கொடுத்தல் வேண்டும்.

அத்தலைவரே குறைக்குக் காரணராயின், அவரைக் கடந்து செல்ல வழி திறந்திருத்தல் வேண்டும். பணியிடத்துப் பெண்களைக் காக்க எழுந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேர்க்குக் குறையாத இடந்தோறும் ஒரு பெண்ணின் தலைமையில், வெளியார் ஒருவரும் அமர்ந்த குழுவை வேண்டியது இக்காரணம் பற்றியே. ஏனைய குறைகளுக்கும் அத்தகைய வழி ஒன்று வேண்டும் என்பதே யாம் கேட்பது.