கரண்ட் வேலைக்குப் போகும் பிள்ளை கையாளாகவே நின்றுவிடக் கூடாது

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு சரிவராத பிள்ளையை, தெரிந்த வயரிங் பாஸ் ஒருவரிடம் சேர்த்துவிடுவது நமது ஊர்களில் வழக்கம். தொழில் பழகட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் ஐந்து வருடம் சென்றும் பலர் சுவர் வெட்டி, பைப் பதித்து, ஏணி பிடிக்கும் கையாளாகவே நிற்கின்றனர். சான்றிதழ் இல்லாததால், வெளிநாடு சென்றாலும் உதவியாளர் சம்பளமே கிடைக்கிறது.

தொழிலையும் தகைமையையும் நாம் பிரித்துப் பார்ப்பதே இதற்குக் காரணம். தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையூடாக வேலைத்தளத்திலேயே பயிலலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர், தனது அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தியும் சான்றிதழ் பெறலாம்.

சான்றிதழை விடப் பெரியது உயிர். "மெயின் சுவிட்ச் ஓஃப்" என்று யார் சொன்னாலும், பயிலுனர் தானே டெஸ்டரால் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அந்த டெஸ்டரையும் சோதிக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைப்பது திறமையல்ல. வீடுகளில் 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தச் சாதனம், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கான காவல். பாஸ் செய்தாலும் அது பழகக் கூடாத பாடம்.

கூரைச் சூரிய மின்சாரம் பெருகிவரும் காலம் இது. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், பகலில் பேனல் வயர்களில் மின்னழுத்தம் இருக்கும். பழைய பழக்கத்தில் தொடுபவருக்கு அது ஆபத்து. முறையாகக் கற்றவருக்கு அதுவே புதிய வருமானம்.

எனவே பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோர் பாஸிடம் கேட்க வேண்டியவை மூன்று: எப்போது போர்ட் வேலை பழக்குவீர்கள்? என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு லீவு தருவீர்களா? பாதுகாப்புச் சப்பாத்து யார் வாங்குவது? பிள்ளையும் தினமும் செய்த வேலையைக் கொப்பியில் எழுதி, சிங்களமும் பழக வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரி அமைப்புகளும் பெறுபேறு வரும் வாரத்திலேயே இந்தப் பிள்ளைகளைப் பதிவுக்கு வழிகாட்டலாம். பல்கலைக்கழகம் செல்பவரைப் பாராட்டும் மேடையில், என்.வி.கியூ. பெற்றவருக்கும் ஒரு கதிரை போடுவோம்.