கொடுத்தவர் வீட்டுக்குக் கிடையாது

ரோட்டரி சங்கம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஊர் எல்லையில் நிற்கும் பல்சக்கரப் பலகை, கண் சிகிச்சை முகாம், ஜூலை மாதத்துப் பதவியேற்பு விழா, பொன்னாடை. விவரம் தெரிந்தவர்கள் போலியோ சொட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்வார்கள். உலகெங்கும் உள்ள அதே சங்கத்தார் கொடுக்கும் பணத்தில் ஆண்டுதோறும் பலர் பல்கலைக்கழகங்களில் அமைதிக் கல்வி படிக்கிறார்கள் என்பதை நம் ஊர்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

2002-இல் முதல் அணி வகுப்பில் உட்கார்ந்தது. இங்கிலாந்தின் பிராட்போர்டு, சுவீடனின் உப்சாலா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, டோக்கியோவின் சர்வதேச கிறித்தவப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலைப் படிப்பு; உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில், வேலையில் இருப்பவர்களுக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானப் பயணம், களப்பயிற்சி என எல்லாச் செலவும் சங்கத்தின் அறக்கட்டளையைச் சேர்ந்தது. படித்து முடித்தவர்கள் 1,800 பேருக்கு மேல். அவர்கள் 140-க்கும் அதிகமான நாடுகளில் வேலை செய்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது அதன் ஒரு விதி. ரோட்டரி உறுப்பினர் விண்ணப்பிக்கக் கூடாது. அவருடைய கணவரோ மனைவியோ கூடாது. பிள்ளை, பேரப்பிள்ளை, பெற்றோர், மருமகன், மருமகள் யாருக்கும் இடமில்லை. சங்கத்திலிருந்து விலகிவிட்டு வந்து நின்றாலும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டு அறக்கட்டளைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். இடம் வாங்கக் காசு கொடுத்தவர் பேரனுக்கு ஓர் இருக்கை, நிர்வாகக் குழுவில் இருப்பவர் மைத்துனருக்கு ஒரு வேலை, 'நம்மாளு' என்றால் கட்டணத்தில் சலுகை என்று நடத்தி, அதற்குக் கல்வித் தொண்டு என்று பெயரும் வைத்திருக்கிறோம். கொடுத்தது திரும்பித் தன் வீட்டுக்கே வந்தால் அது முதலீடு. தன் பேத்திக்கு ஒருபோதும் கிடைக்காது என்று தெரிந்தே, முன்பின் அறியாத நாட்டிலிருந்து வரும் ஒருவரின் படிப்புக்குப் பணம் கட்டுகிறார் ஒரு கடைக்காரர் அல்லது பல் மருத்துவர். அவரை மனதாரப் பாராட்டுகிறோம். கல்வி அறக்கட்டளை நடத்தும் ஒவ்வொருவரும் இந்த விதியைத் தங்கள் சாசனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதமாட்டார்கள், அது வேறு விஷயம்.

அமைதிக் கல்விக்குப் பணம் தர வேண்டிய அரசுகள் என்ன செய்கின்றன? 2024-இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அமைதியைப் படிப்பதற்கோ, தொடக்கத்திலிருந்தே குடிமக்கள்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது. பிராட்போர்டில் 1973-இல் அமைதிக் கல்வித் துறை தொடங்கியதற்குக் காரணம், குவேக்கர் என்னும் சிறிய கிறித்தவப் பிரிவினர் அதற்கென்று நிதி திரட்டித் தந்ததுதான். சண்டைக்கு வரிப்பணம், சமாதானத்துக்கு வசூல் பணம். இந்த ஏற்பாடு வெட்கக்கேடானது.

வசதி படைத்தவர்கள் மனச்சாந்திக்காகச் செய்யும் காரியம் என்று ரோட்டரியின் இந்தத் திட்டத்தைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. வியாபாரிகள் கூடி உலக அமைதியைக் கொண்டுவர முடியுமா என்ற ஏளனமும் உண்டு. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோது, குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கும் நாட்களில் மட்டும் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. அரசோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து அதற்காகப் பேசிய குழுவில் கொழும்பு ரோட்டரிக்காரர்கள் இருந்தார்கள். அதில் முன்நின்ற கே.ஆர். ரவீந்திரன் 2015-இல் உலக ரோட்டரியின் தலைவரானார். போர் அதனால் நிற்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. ஏளனம் செய்பவர்கள் அந்தத் தாய்மாரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்தப் படிப்புத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. பட்டம் வேண்டும், ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும், பல ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். முதல் இரண்டும் யாரை வெளியே நிறுத்தும் என்பது நமக்குத் தெரியும். ஊரில் இரு தெருக்களுக்கு நடுவே போய் நின்று பேசும் தைரியம் உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரை எழுத வராது. ஆங்கிலக் கட்டுரை எழுத வருபவருக்கு அந்தத் தெருக்களின் பெயர் தெரியாது. படித்து முடித்து ஜெனீவாவில் வேலை தேடிக்கொண்டு போவதும் ஒரு வாழ்க்கைதான், தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் கொடுத்த பணத்தின் நோக்கம் அதோடு முடிந்துவிடக் கூடாது.

அமைதிக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான நார்வே நாட்டு யோஹான் கால்டுங், சண்டை இல்லாததை மட்டும் அமைதி என்று ஏற்கவில்லை. அநீதி நீங்கிய நிலையைத்தான் முழு அமைதி என்றார். தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அவசரமாகத் தேவைப்படுகிறது. சாதி மோதல் நடந்தால் கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ சமாதானக் கூட்டம் கூட்டுகிறார். பக்கத்தில் காவல் துணைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். இரு தரப்பும் கையெழுத்துப் போடும். தேர் ஓடும் அல்லது ஓடாது, கடை திறக்கும். அடிபட்டவன் வாய் மூடியிருப்பதையே அமைதி என்று கோப்பில் எழுதிவிட்டு எழுந்து போகிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024-இல் அறிக்கையும் வந்தது. அதன் பரிந்துரைகளைப் பள்ளிதோறும் நடத்திக் காட்ட ஆள் வேண்டும். சமரசம் பேசுவதற்கென்றே பயின்ற ஆசிரியர்கள், வட்டாட்சியர்கள், காவல் ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் நம்மிடம் எத்தனை பேர்?

புனேயில் உள்ள சிம்பயோசிஸ் பல்கலைக்கழகத்தை ஆசியாவுக்கான புதிய அமைதி மையமாக ரோட்டரி தேர்ந்தெடுத்திருக்கிறது. நல்ல முடிவு. வேலையை விடாமல் படிக்கலாம். சில வாரங்கள் வளாகத்தில் இருந்துவிட்டு, சொந்த ஊரில் ஒரு திட்டத்தைச் செய்து முடிக்கலாம். வெளிநாட்டுக் குளிருக்கும் விசாவுக்கும் அஞ்சத் தேவையில்லை.

எனவே நம் ஊர் ரோட்டரி சங்கங்களுக்கு நேராகவே சொல்கிறோம். காசோலை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று இருப்பது தவறு. உண்மையா, எல்லோருக்கும் நியாயமா என்று தொடங்கும் நான்கு கேள்விகளைக் கூட்டங்களில் சொல்லிவருகிறீர்கள். இரண்டாவது கேள்வியை ஊருக்குள் எடுத்துப் போகக்கூடியவர் உங்கள் தாலுகாவிலேயே இருப்பார். அவர் உங்கள் உறவினராக இருக்க முடியாது, விதியே அப்படி. தேடிப் பிடியுங்கள். ஆங்கிலம் தடையென்றால் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க உங்கள் சங்கத்திலேயே பேராசிரியர்கள் இருப்பார்கள். விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்து உதவுங்கள். வழக்கமாக விண்ணப்பம் பிப்ரவரியில் தொடங்குகிறது. மே 15 கடைசி நாள்.