"நாலு நாள் மாட்டைப் பார்த்துக்கடா"

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. கொங்குப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் பலவும் இந்த மாதம் நாலைந்து நாள் பூட்டிக் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் குலசாமி கோயில். போகட்டும், வருஷம் முழுக்க மாட்டோடு கிடப்பவர்கள் நாலு நாள் ஊர் சுற்றுவதில் நமக்கென்ன வயிற்றெரிச்சல்? கட்டுத்தறியில் நிற்கும் நாலு கறவை மாட்டையும் பட்டியிலுள்ள ஆடுகளையும் யார் தலையில் கட்டிவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பதில் ஊருக்கே தெரியும். பண்ணையத்தில் இருக்கும் அருந்ததியர் தலையில். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், "நாலு நாள் மாட்டைப் பார்த்துக்கடா" என்று ஒரு வார்த்தை. கேட்பதில்லை, சொல்வதுதான்.

அந்த வார்த்தைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது? விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, தவிடு புண்ணாக்குக் கலக்கி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்ற வேண்டும். கலப்பின மாடு ஒன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம். நாலு மாட்டுக்குத் தினம் 80 கிலோ அறுத்துச் சுமக்க வேண்டும். கோடையில் தண்ணீர் காட்டியே கை ஓய்ந்துவிடும். மத்தியானம் மறுபடி கறவை. தள்ளிப்போட்டால் மடிநோய். இடையில் ஆட்டை மேய்த்துத் திருப்ப வேண்டும். ராத்திரி தெருநாய், திருடன், கன்று போடும் தறுவாயில் நிற்கும் சினைமாடு. வீட்டார் நாலு பேரும் ஆளும் பகிர்ந்து செய்ததை இப்போது ஒருவரே இருபத்துநாலு மணி நேரமும் செய்கிறார்.

கூலி? பகலுக்கு வழக்கமானது. ராத்திரிக்குக் கணக்கே கிடையாது. திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி. கேட்டால், "அவன் எங்க வீட்டு ஆள் மாதிரிங்க" என்கிறார்கள். அப்படியானால் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? வீட்டைப் பூட்டி, கக்கூஸையும் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். வீட்டு ஆள் கட்டுத்தறியில் சாக்கு விரித்துப் படுக்கிறார். தலைக்கு மேலே கேமரா. கொடைக்கானலில் இருந்தபடி போனில் பார்த்து, "தண்ணி வெச்சியாடா?" என்று பத்து வயதுப் பையன் கேட்கிறான். ஐம்பது வயதுக்காரர் "வெச்சுட்டனுங்க சாமி" என்கிறார். அவர் கறந்த பாலில் தீட்டில்லை. அவர் குடித்த டம்ளரில்தான் தீட்டு.

இது வெறும் பழக்கவழக்கம் இல்லை. கட்டாய உழைப்பை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல், ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வாங்கிய கடனை மட்டும் பேசவில்லை. ஒரு சாதியில் பிறந்த காரணத்துக்காகவே ஒருவரை வேலைக்குக் கட்டிப்போடுவதையும் கொத்தடிமை முறை என்றே சொல்கிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படித்துக் கண்கலங்கிய தோழர்கள், தங்கள் சொந்தக்காரர் தோட்டத்துக் கட்டுத்தறியையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

"பால் விலையே கட்டுப்படியாகலை, ராத்திரிக் கூலிக்கு எங்கே போவது?" என்பார்கள். கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கார் வாடகையும் லாட்ஜ் அறையும் கட்டுப்படியாகிறதே? பங்காளி வந்து மாட்டைப் பார்த்துக்கொண்டால் அது கைமாற்று. அடுத்த தடவை அவர் மாட்டை நீங்கள் பார்ப்பீர்கள். பண்ணையாள் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனால், சேரியில் கட்டியிருக்கும் அவருடைய ரெண்டு ஆட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் தழை போட்டார்கள்? அன்றைக்கும் உங்கள் கேள்வி, "மாட்டை யார்ரா பாப்பா?" என்பதுதானே?

அவர் பொறுப்பில் இருக்கும்போது மாடு செத்தால் கூலியில் பிடிக்கிறீர்கள், அதை இழுத்துப்போய்ப் புதைக்கவும் அவரையே ஏவுகிறீர்கள். பட்டியல் சாதியினரைச் செத்த விலங்கைச் சுமக்க வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தத்திலேயே வந்துவிட்டது.

ஆகவே லாட்ஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஆளிடம் பேசுங்கள். பகலுக்கு ஒரு கூலி, ராத்திரிக்குத் தனிக் கூலி, பாதியைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். மருத்துவருக்கும் மருந்துக்கும் தனியாகப் பணம் வையுங்கள். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பதைச் சொல்லுங்கள். கக்கூஸ் சாவியைக் கொடுங்கள். அவர் முடியாது என்றும் சொல்லலாம். சொன்னால் வேறு ஆள் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த அட்வான்ஸை அன்றைக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்காதீர்கள்.