ஒரு குழாய், ஏழு குடம்

வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் போதும். அப்பாவின் லேப்டாப், பையனின் கம்ப்யூட்டர், பாட்டி சீரியல் பார்க்கும் டிவி எல்லாவற்றுக்கும் அதிலேயே பிடித்துக்கொள்ளலாம். 'எத்தனை கம்ப்யூட்டர் சார்?' என்று யாராவது கேட்டால், 'குழாய்க்குத்தான் காசு, குடத்துக்கு இல்லை' என்று சொல்லி அனுப்புங்கள்.

2000-களின் ஆரம்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கேபிள் வழியே இணையம் தந்த சில கம்பெனிகள் உங்கள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, வேறெதைச் செருகினாலும் கதவைச் சாத்தின. இந்த அடாவடியை உடைத்தது ரவுட்டர். வெளியே ஒரே கம்ப்யூட்டர் மாதிரி தெரியும். உள்ளே ஏழு பேர் இருப்பார்கள். 1994-ல் எழுதி வெளியிடப்பட்ட 'நாட்' என்ற முகவரி மாற்றும் உத்திதான் காரணம். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். அதைச் சிக்கனம் பிடிக்க வந்த யோசனை அது. உங்கள் வீட்டுக்குள் 192.168 என்று ஆரம்பிக்கும் எண்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கும். ஊருக்கு ஊர் பிள்ளையார் கோயில் தெரு இருக்கிற மாதிரி; கடிதம் ஊரைத் தாண்டாதவரை குழப்பமில்லை.

வேடிக்கை என்னவென்றால், முகவரித் தட்டுப்பாடு முற்றியதும் கம்பெனிகளே பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்க ஆரம்பித்துவிட்டன. நாம் செய்தால் திருட்டு, அவர்கள் செய்தால் தொழில்நுட்பம்!

சரி, கம்பெனியைத் திட்டியாயிற்று. இனி உங்களை.

உள்ளே இருக்கும் ஏழு பேரும் வெளியுலகுக்கு ஒரே ஆள். அந்த ஆள் நீங்கள். பில் உங்கள் பெயரில். அப்படியிருக்க, வைஃபைக்குப் பாஸ்வேர்டே போடாமல் விடுவது, போட்டாலும் அதை அடுத்த ஃப்ளாட், மாடி பேச்சிலர், கேஸ் கொண்டுவரும் பையன் வரை விநியோகிப்பது என்ன தாராளம்? 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. போலீஸ் தேடிப் போய் நின்றது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃப்ளாட் வாசலில். பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் குற்றவாளி இல்லை என்று தெளிவாவதற்குள் மனிதர் பட்ட பாடு!

பங்கு போடுவது உங்கள் உரிமை, வீட்டுக்குள். விருந்தாளிக்கென்று தனி 'கெஸ்ட்' வைஃபை பல ரவுட்டர்களில் இருக்கிறது; அதைக் கொடுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். வாசல் கதவை யாரும் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதில்லை. இதுவும் வாசல்தான்.