உலை வெடித்தால் உழவனுக்கு யார் பொறுப்பு?

 

உர விலை, மோட்டார் கரண்ட், அடிமாட்டு விலைக்குப் போகும் தக்காளி என்று ஆயிரம் கவலை இருக்க, சங்கம் எதற்கு அணு உலையைப் பற்றிப் பேசுகிறது என்று சிலர் கேட்கலாம். கூடங்குளம் எங்கே, தொப்பம்பட்டி எங்கே என்றும் சொல்லலாம். காத்துக்கும் மழைக்கும் தாலுகா எல்லை தெரியாது. அதனால்தான் பேசுகிறோம்.

1986 ஏப்ரல் 26. அன்றைய சோவியத் நாட்டில் செர்னோபில் அணு உலை வெடித்தது. பாதுகாப்புக் கருவிகளை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். உலையை அணைக்கும் கம்பிகளின் அமைப்பிலேயே கோளாறு. அது மேலிடத்துக்கு முன்பே தெரியும். ராத்திரி வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவில்லை. நஞ்சு புல்லில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான பேருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை ஊர்களைக் காலி செய்தார்கள். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், பிரிட்டனின் வேல்ஸ் மலையில் ஆடு வளர்த்தவன் என்ன பாவம் செய்தான்? அங்கே ஆடு விற்கப் போட்ட கட்டுப்பாடு முழுசாக நீங்க 2012 ஆயிற்று!

2011 மார்ச் 11, ஜப்பானில் ஃபுகுஷிமா. பழியைச் சுனாமி மேல் போட்டார்கள். ஆனால் 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று 2008இலேயே கம்பெனியின் சொந்தக் கணக்கு சொன்னது. சுவரை உயர்த்தவில்லை. டீசல் ஜெனரேட்டர்களைக் கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்திருந்தார்கள்; கடல் புகுந்தது, கரண்ட் போயிற்று, குளிரூட்டும் பம்பு நின்றது. நம் கிணற்றில் பம்பு நின்றால் பயிர் வாடும். அங்கே மூன்று உலைகள் உருகின. இது மனிதர்களால் வந்த விபத்து என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே 2012இல் சொன்னது.

ஒன்றரை லட்சம் பேர் ஊரை விட்டுப் போனார்கள். வயலின் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக எரு போட்ட மண்ணய்யா அது! நெல்லை மூட்டை மூட்டையாகச் சோதித்துக் காட்டியும் விலை குறைத்துத்தான் கேட்டார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் காய்கறி லோடை நினைத்துப் பாருங்கள். நஞ்சு வரவேண்டாம், வதந்தி வந்தாலே போதும். யார் வாங்குவான்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' சட்டத்தை நிறைவேற்றியது. அணு உலை நடத்தத் தனியாருக்குக் கதவு திறந்தாயிற்று. விபத்து நடந்தால் உலை நடத்துபவரின் பொறுப்பு அதிகபட்சம் 3,000 கோடி ரூபாய். ஃபுகுஷிமா நஷ்டமோ பல லட்சம் கோடி! கோளாறான கருவி கொடுத்த கம்பெனியிடம் பணத்தைத் திரும்ப வசூலிக்க 2010 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டத்தில் அது இல்லை. மீதியை அரசு கொடுக்கும் என்கிறார்கள். அரசுப் பணம் யார் பணம்? நம் வரிப்பணம்தானே!

போபாலை மறந்துவிட்டோமா? 1984இல் விஷவாயு. 1989இல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்தார்கள். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் ஜனங்களுக்கு என்பது என்ன நியாயம்?

கரண்ட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயமில்லை, பாதுகாப்பானது என்று சொல்பவர்கள் முழுப் பொறுப்பையும் எழுத்தில் ஏற்கட்டும் என்கிறோம். 2011 முதல் இடிந்தகரை மக்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டதும் உயிருக்கும் பிழைப்புக்குமான உத்தரவாதம்தான். அவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் வழக்கும். கடற்கரை மீனவர் கேட்டதை வயல்காட்டு விவசாயியும் சேர்ந்து கேட்கவேண்டிய நேரம் இது.

நமது கோரிக்கைகள்:

1. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கூடாது. முழு நஷ்டத்தையும் உலை நடத்துபவரும் கருவி கொடுத்தவரும் ஏற்க வேண்டும்.

2. நிலம், பயிர், கால்நடை, விற்காமல் போன விளைச்சல் அனைத்துக்கும் இழப்பீடு வேண்டும். குத்தகைதாரருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் பங்கு வேண்டும்.

3. கூடங்குளம், கல்பாக்கம் உலைகளின் பாதுகாப்பு அறிக்கைகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள் அவசியம் வாருங்கள். மண் போனால் மறுபடி வராது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!