பிள்ளை இல்லையென்றால் பெண்ணை மட்டுமா சோதிப்பது?

திருமணமாகி இரண்டு வருடம் பிள்ளை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் மருத்துவரிடம் போவது மருமகள்தான். விரதமும் அவளுக்கு, கஷாயமும் அவளுக்கு. மகனையும் சோதிக்கலாமே என்று வாய்திறக்க யாரும் துணிவதில்லை. அறிவியல் ஆசிரியராகிய எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதாவது காரணம் இருக்கிறது.

அதில் ஒன்று சூடு. விந்தணு வளர, உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். விந்தகம் உடலுக்கு வெளியே தொங்குவது அதனால்தான். (யானைக்கு அது வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, அது தனிக் கதை.)

வளரும் விந்தணுவுக்கு இரத்தத்திலிருந்து நேரடியாகச் சாப்பாடு கிடைப்பதில்லை. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அதைக் கட்டியிருப்பவை, 1865-இல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி விவரித்த உயிரணுக்கள். அவை குளுக்கோஸை வாங்கி, லேக்டேட்டாக மாற்றி, குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதுபோல் கொடுக்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் உயிரணுச் சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்கள் வழியாகவே நடக்கிறது. சூடு ஏறினால் உயிரணுவின் செலவு கூடும். சுவர் தளரும், வளரும் அணுக்கள் பாதியிலேயே மடியும்.

சென்ற நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய சுவிஸ் மருத்துவர் மார்த்தா வோகேலி இதையே கருத்தடை முறையாகச் சோதித்தார். ஆண்கள் மூன்று வாரம், தினமும் முக்கால் மணி நேரம் சுடுநீரில் உட்கார்ந்தார்கள். பல மாதங்களுக்குக் கருவளம் நின்று, பிறகு திரும்பியது.

மாசாயில் இருக்கும் நமக்குப் பாசிர் கூடாங் தொழிற்பேட்டை பக்கத்திலேயே. கொதிகலன் அருகிலும் வெல்டிங் வேலையிலும் நாள் முழுக்க நிற்பவர்கள் நம் பிள்ளைகள்தாம். மடிக்கணினியை மடியிலேயே வைத்து மணிக்கணக்கில் விளையாடும் தம்பிகளும் உண்டு. விதைப்பையில் இரத்த நாளம் புடைக்கும் 'வேரிகோசீல்' இருந்தாலும் அங்கே சூடு ஏறும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். கடும் காய்ச்சல் கண்டவர் அடுத்த மாதமே எடுத்த ஒரே சோதனையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

மருமகளுக்கு அடுத்த மருத்துவச் சந்திப்பைக் குறிப்பதற்கு முன் மகனை ஒரு முறை அனுப்புங்கள், அம்மா. ஒரு சின்னப் புட்டி, ஒரு காலை நேரம், அவ்வளவுதான்.