மலிவான ரேர்போவின் கணக்கு

ஜேர்மனியில் எம் இளைஞர் சிலர் பழைய கோல்வ் 1.8 ரேர்போ காரை வாங்கி, அதிலுள்ள கே03 ரேர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய கே04 ஐப் பூட்ட முனைகின்றனர். ஆசை தவறன்று. வீணே வெளியேறும் புகையின் வலுவால் எஞ்சினுக்குக் காற்றூட்டலாம் எனச் சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905 இலேயே காப்புரிமை கோரினார்.

ஆனால் காற்றுக் கூடினால் எரிபொருளும் கூடவேண்டும். பெரிய இன்ஜெக்ரர்கள், எஞ்சின் கணினிக்குப் புதிய நிரல், வலுவைத் தாங்கும் கிளச், பிரேக் எனச் செலவு நீளும். கணக்குப் பாடம் எமக்கு என்றுமே வேப்பங்காய். இக்கூட்டல் எமக்கே புரிகிறது! ரேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுழல்வது; மெல்லிய எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகிறது. பழைய எண்ணெய்க் குழாயில் கரி அடைத்திருப்பின் புதியதும் விரைவில் அழியும். எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அக்குழாயை மாற்றாது விட்டார். கார் மூன்று வாரம் நின்றது. அதிகாலை வேலை கைநழுவியது.

மாற்றத்தைப் பரிசோதனை நிலையத்தில் ஏற்கச்செய்து பதியாவிடின் வாகனத்தின் இயங்கு அனுமதியே அற்றுப்போகலாம். விபத்தெனில் காப்புறுதியும் சிக்கலாகும்.

ஒரே காரை நம்பி வேலைக்குச் செல்பவர் முதலில் எண்ணெய், குளிர்த்தி, பிரேக் ஆகியவற்றைச் சீராக்கட்டும். பின்னர் சான்றிதழுடன் கூடிய நிரலை மட்டும் மாற்றினாலே, 150 குதிரைவலு எஞ்சின் பழைய ரேர்போவுடன் சுமார் 190 வரை தரும். கே04 தான் வேண்டுமெனின், முழுப் பணமும் சேர்ந்து, வேலைக்குப் போக வேறு வழியும் கிடைத்தபின் கழற்றட்டும்.